ராஜபார்ட் வேஷத்தைக் கலைத்து நாடக அமைப்பாளர் ஆனவன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடலோரக் கிராமம் என் ஊர். 1983 முதல் 2006 வரை ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம், கட்டினேன். அதற்குப் பிறகு நாடகம் அமைத்துக் கொடுக்கிறேன். திருவிழாக் கமிட்டிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருகிறவர்கள் என்று யார் பேச்சைத் தொடங்கினாலும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பெஷல் நாடகத்தில் என்னதான் ஸ்பெஷல்?

நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி ஒரு ராத்திரிக்கு மட்டும் வரவழைப்பதுதான். ராஜபார்ட் புதுக்கோட்டைக்காரர், ஸ்திரீபார்ட் மதுரை, பபூன் மானாமதுரை, டான்ஸ் திண்டுக்கல் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வருவார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், ஆல்ரவுண்ட் என்ற தாளக்கருவித் தொகுப்பு வாசிப்பவர்களும் அப்படியே. ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. முன்பின் பார்த்திராத இரண்டு பேர் மேடையில்தான் முதல்முறையாகச் சந்தித்து, அங்கேயே காதலித்து, விடியும்போது கல்யாணமும் செய்துகொள்வார்கள். கதை, பாட்டு, வசனத்தின் எலும்பு எல்லாருக்கும் மனப்பாடம். சதையை அன்றைக்கு ராத்திரி ஒட்டிக்கொள்வோம்.

அந்த எலும்பைக் கொடுத்தவர் இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் இறந்தார். இன்றும் எங்கள் மேடைகளில் அவர் படத்துக்கு விளக்கு ஏற்றாமல் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள்.

உங்கள் நாடகக் கம்பெனியின் பெயர் என்ன?

எனக்குக் கம்பெனி கிடையாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

கம்பெனி என்றால் முதலாளிக்குச் சொந்தமாக சீன் செட்டிங் இருக்கும், மாதச் சம்பளத்துக்கு ஆள் இருக்கும், ஒத்திகை நடக்கும். சினிமாவில் வில்லனாகப் பேர் வாங்கிய ஆர்.எஸ்.மனோகர், நேஷனல் தியேட்டர்ஸ் என்ற குழுவை வைத்து நடத்திய இலங்கேஸ்வரன் அந்த வகை. தந்திரக் காட்சிகளும் பிரம்மாண்டமான செட்டுமாக லாரி லாரியாகச் சாமான் போகும். நடிகரே தயாரிப்பாளர் ஆனதற்கு நம் ஆட்கள் எல்லாரும் சொல்லும் உதாரணம் அவர்தான். "நீங்களும் மனோகர் மாதிரி ஆகிட்டீங்க" என்று என்னையும் சிலர் கிண்டல் செய்வது உண்டு.

என்னிடம் இருப்பது ஒரு செல்போன், ஒரு டைரி, ஒரு ரெக்சின் பை. கதையை நான் தயாரிப்பதில்லை, நடிப்பையும் தயாரிப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வெவ்வேறு ஊரிலிருந்து கிளம்பி, நாடகம் தொடங்குவதற்குள் ஒரே கொட்டகையில் இருக்க வேண்டும். அதைத்தான் தயாரிக்கிறேன். நோட்டீஸில் கடைசி வரியில், பொடி எழுத்தில் 'நாடக அமைப்பாளர்' என்று போட்டு என் பெயர் இருக்கும். சில ஊர்களில் அதையும் மறந்துவிடுவார்கள்.

நடிப்புக்கு எப்படி வந்தீர்கள்?

அப்பா வலைக்குப் போகிறவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, படகில் ஏறினால் வாந்தி. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் நாடகத்துக்கு வந்த ஒரு ஆர்மோனியக்காரர் நான் கூட்டத்தில் உட்கார்ந்து கூடவே பாடியதைக் கேட்டு, "யாருடா அந்தப் பய?" என்று கூப்பிட்டார். ஐந்து கட்டையில், அதாவது நல்ல உயரமான சுருதியில், பாடச் சொன்னார். பாடினேன். மூன்று வருஷம் அவர் வீட்டில் இருந்து தண்ணீர் தூக்கி, பாட்டு கற்றுக்கொண்டேன். 1983 பங்குனியில் முதல் மேடை. சம்பளம் 75 ரூபாய். அதில் 40 ரூபாய் வாடகை டிரஸ்ஸுக்குப் போய்விட்டது.

கடற்கரை ஊரில் நாடகம் போடுவது கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் போடுவதிலிருந்து வேறுபட்டதா?

ரொம்பவே.

முதல் விஷயம் காற்று. ஆடி மாதம் ஒரு ஊரில் வள்ளி திருமணம். பின்னால் காடு வரைந்த திரை, நாங்கள் படுதா என்போம், தொங்குகிறது. வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாட ஆரம்பித்தார். கச்சான் காற்று ஒரு அடி அடித்தது பாருங்கள், படுதா வயிறு வீங்கி முன்னால் வந்து, வள்ளியையும் பரணையும் சேர்த்துத் தள்ளுகிறது. நாங்கள் நாலு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க இன்னும் வீங்குகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். "அப்பு, நீ இழுக்காத. இது பாய் மாதிரி காத்துப் பிடிக்குது. பாதி இறக்கிச் சுருட்டு" என்றவர், அவரே பாய்மரத்தில் கட்டுவது போல இரண்டு முடிச்சுப் போட்டு, கீழ்ப்பகுதியைச் சுருட்டிக் கட்டினார். மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. அடுத்த காட்சியில் முருகன் வேடனாக வந்தபோது காட்டில் தண்டே இல்லாத மரங்கள். யாருக்கும் அது குறையாகப் படவில்லை. அந்த முடிச்சை நான் அன்றே கற்றுக்கொண்டேன். இன்றும் கடலோர மேடை என்றால் படுதாவை முக்கால் அளவுக்குத்தான் இறக்குகிறேன்.

அடுத்தது உப்புக் காற்று. ஆர்மோனியத்தின் ரீடில் ஈரம் ஏறினால் ஒரு ஸ்வரம் அழும், இன்னொன்று வாயே திறக்காது. பெட்டியை மேடைக்குக் கொண்டுவரும் வரை கம்பளியில் சுற்றி வைக்கச் சொல்வேன். முகத்தில் போடும் அரிதாரமும் நிற்காது. புழுக்கத்தில் வேர்த்து, பத்து மணிக்குப் போட்ட ரோஸ் பன்னிரண்டு மணிக்குக் கழுத்தில் இருக்கும். முருகன் வேஷக்காரர் பக்கத்தில் ஒரு பையன் துண்டோடு நிற்பது இதற்காகத்தான்.

தேதி கணக்கும் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், திருவிழா வைக்கத் தோதான சமயம். ஆனால் கையில் காசு இருக்காது. அதனால் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரியில் முழுப் பணமும் சேராது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் யாராவது உபயம் ஏற்பார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் தொழிலுக்குப் போவார்கள், அவர்கள் விடியக் காலம் கிளம்பினால் கூட்டத்தில் பாதி எழுந்துவிடும். வள்ளிக்குத் தாலி கட்டும் நேரத்தில் எதிரே பெண்களும் தூங்கும் குழந்தைகளும் மட்டும் இருந்த ராத்திரிகள் பல உண்டு.

நன்றாகத்தானே நடித்துக்கொண்டிருந்தீர்கள், ஏன் விட்டீர்கள்?

சங்கரதாஸ் சுவாமிகளும் முதலில் நடிகர்தான். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று பயங்கர வேஷங்கள் கட்டியவர். ஒருமுறை நாடகம் முடிந்து சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் குளக்கரைக்குப் போனபோது, எதிரே வந்த ஒரு பெண் அவரைப் பார்த்து அதிர்ந்து விழுந்து இறந்தார் என்றும், அதோடு அவர் வேஷம் கட்டுவதை விட்டார் என்றும் எங்கள் வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். பிறகு எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் போனார். 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு சபையையே தொடங்கினார்.

என் காரணத்தில் அத்தனை நாடகம் இல்லை. தொண்டை போய்விட்டது, அவ்வளவுதான். ஐந்து கட்டையில் பாடியவன் நாலுக்கு வந்து, 2005-இல் மூன்றுக்கு இறங்கினேன். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒரே சுருதியில் மாறி மாறிப் பாட வேண்டும். நான் மூன்றில் நின்றால் எதிரே நிற்கும் பெண் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலப் பாட வேண்டியிருக்கும். ஒரு நாள் ஆர்மோனியக்காரர் என்னிடம் கேட்காமலே சுருதியை இறக்கினார். அது மரியாதைக்காகச் செய்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த வருஷமே வேஷப் பெட்டியை மூடினேன்.

சம்பளம் எவ்வளவு? ரேட் சொல்லுங்கள்.

ஆளுக்கும் தேதிக்கும் தகுந்து மாறும். ஒரே பபூன் தை மாதம் கேட்பதும் சித்திரைப் பௌர்ணமியன்று கேட்பதும் ஒன்றல்ல. நேரில் பேசுவோம்.

ஆனால் பணம் கொடுக்கும் முறையில் நான் கறார். காரணம் இருக்கிறது. 1999-இல் ஒரு ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அதுவரை நாலு மணி நேரம் ஆடியிருக்கிறோம். மழை விடட்டும் என்று கொட்டகை ஓரமாக நின்றோம், விடவில்லை. காலையில் போய்க் கேட்டால், "கல்யாணமே நடக்கலையே, என்ன சம்பளம்?" என்கிறார்கள். வள்ளிக்குக் கல்யாணம் நடக்காததற்கு நாங்களா பொறுப்பு? அன்றைய அமைப்பாளர் நாலு மணிக்கே சொல்லாமல் கிளம்பிவிட்டார். டான்ஸ் ஆடிய அக்கா கையில் பஸ்ஸுக்குக் காசு இல்லை. ஆர்மோனியக்காரர் மோதிரத்தை டீக்கடையில் வைத்து எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தார்.

அதனால் என் முறை இப்படி. நாடகம் பேசி முடிக்கும்போதே வெற்றிலை பாக்கோடு பாதி. மீதிப் பாதி முதல் படுதா தூக்குவதற்கு முன்னால். ஒவ்வொருவர் பெயரும் எழுதிய கவர் என் ரெக்சின் பையில் இருக்கும். நாலரை மணிக்கு, அதாவது கல்யாணக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, முதல் பஸ் யாருக்கோ அவர்களுக்கு முதல் கவர். மழையோ புயலோ, மேடையில் கால் வைத்த ஒவ்வொருவருக்கும் முழுச் சம்பளம். இதைக் கமிட்டியிடம் எழுதியே வாங்கிவிடுவேன். சில ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பெண் கலைஞர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டுமா?

வேண்டும். கழிப்பறை உள்ள ஒரு வீடு, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு அறை. இது இல்லை என்றால் அந்த ஊருக்கு நான் தேதி கொடுப்பதில்லை. கொட்டகைக்குப் பின்னால் நாலு தென்னந்தட்டியைக் கட்டிவிட்டு 'மேக்கப் ரூம்' என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொன்று அன்பளிப்பு. பபூன், டான்ஸ் காமிக்கின்போது ரூபாய் நோட்டை ஊக்கில் குத்திவிடுவது பழைய வழக்கம். கொடுப்பது நல்ல மனசுதான். ஆனால் ஒருவர் ஏறினால் பின்னாலேயே குடித்தவர் ஒருவர் ஏறுவார். அதனால் பணத்தைப் பபூன் கையில் கொடுத்துவிடுங்கள், அவர் உங்கள் பெயரையும் உங்கள் அப்பா பெயரையும் சேர்த்து மைக்கில் சொல்லி அந்தப் பெண்ணிடம் கொடுப்பார். பெயர் நாலு தெரு கேட்கும், மேடையும் சுத்தமாக இருக்கும்.

விடிய விடிய மைக் போடலாமா? போலீஸ் அனுமதி யார் வாங்குவது?

அனுமதி வாங்குவது ஊர்க் கமிட்டியின் பொறுப்பு. விழாவுக்குப் பல நாள் முன்னாலேயே காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் ஓடி, கிடைக்காமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போகிற ஊர்களும் உண்டு.

மைக் விஷயம் கொஞ்சம் சிக்கல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்டிகை, கலாசார நிகழ்ச்சிகளுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு கொடுக்கலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை நடப்பதையே வழக்கமாகக் கொண்ட ஒரு கலைக்கு இது கழுத்தைப் பிடிக்கிற விதி. ஆனால் தூங்க முடியாத நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் அதே தெருவில்தானே இருக்கிறார்கள்? நான் எட்டு மணிக்கே தொடங்கச் சொல்கிறேன். பபூன் காமிக்கைக் குறைக்கிறேன். குழாய் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். மைக் இல்லாத காலத்தில் ஐந்து கட்டையில் பாடிக் கடைசி வரிசை வரை கேட்க வைத்தவர்கள் நம் முன்னோர்கள். அந்தத் தொண்டை இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

எந்த நாடகம் வைக்கலாம்?

யோசிக்கவே வேண்டாம் என்றால் வள்ளி திருமணம். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் ஒன்றுக்கே கூட்டம் உட்காரும். இருவரும் விஷயம் தெரிந்தவர்களாக இருந்தால் தொல்காப்பியத்தில் ஆரம்பித்து பெட்ரோல் விலை வரை போவார்கள். இந்த நாடகத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சிவகாசியில் பிறந்த விஸ்வநாத தாஸ், வள்ளி பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கு என்று வெள்ளைக்காரனையே விரட்டிப் பாடியவர். அதற்காகப் பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது.

பவளக்கொடியும் நம் பக்கத்தில் நன்றாக எடுபடும். அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்க, பவளம் தேடிப் போகும் அர்ச்சுனன் பவளக்கொடியைக் கண்டு மயங்குகிற கதை. நம் மன்னார் வளைகுடாவிலேயே ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. எடுத்தால் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். ஒரு நாடகத்தில் அர்ச்சுனன் கிளம்பும்போது பபூன், "மன்னா, பவளம் வேணும்னா கேளுங்க, ஃபாரஸ்ட் ஆபீஸ்ல யாரையாவது தெரியுமான்னு முதல்ல கேளுங்க" என்று போட்டாரே, கரையோரச் சனம் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

கிறிஸ்தவ ஊர்களில் ஞானசௌந்தரி கேட்பார்கள். அரிச்சந்திர மயான காண்டம் பார்க்க எனக்குப் பிடிக்கும், ஆனால் லோகிதாசன் பிணத்தை வைத்துக்கொண்டு சந்திரமதி அழும் கட்டத்துக்கு நல்ல ஸ்திரீபார்ட் கிடைக்காவிட்டால் வைக்காதீர்கள்.

அந்தக் காலத்தில் நம் கரையிலிருந்து இலங்கைக்கு நாடகம் போனதாமே?

போனது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். ரயில் தனுஷ்கோடி வரை போகும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மறுபடி ரயில். போட் மெயில் என்பது அதுதான். 1920-களில் கே.பி.சுந்தராம்பாளும் எஸ்.ஜி.கிட்டப்பாவும் சேர்ந்து நடித்துப் புகழ்பெற்றது கொழும்பில்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தனுஷ்கோடியோடு அந்த வழியும் போனது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் குருநாதர் கொழும்பில் வாங்கிய ஒரு ஜிகினாத் தலைப்பாகை ரொம்ப நாள் அவர் வீட்டுப் பரணில் கிடந்தது. கரப்பான் தின்றது போக மீதியை நான் பார்த்திருக்கிறேன்.

கொரோனா சமயத்தில் என்ன செய்தீர்கள்?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. எங்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசிதான் வருஷச் சாப்பாடு. டைரியில் எழுதியிருந்த தேதிகளை ஒவ்வொன்றாக அடித்தேன். மிருதங்கக்காரர் காய்கறி விற்றார். நான் கருவாடு காயவைத்தேன்.

என் மகன் நடிக்க ஆசைப்படுகிறான், சேர்த்துக்கொள்வீர்களா?

முதலில் பாட்டு, அதுவும் ஆர்மோனியத்தோடு. இரண்டு வருஷம் கழித்து அழைத்து வாருங்கள். கூடவே ஒரு வேலையும் இருக்கட்டும் தம்பி.

இப்போதும் மேடை ஏறுவது உண்டா?

ஒரே ஒருமுறை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு ஊர். பதினொரு மணி ஆகிறது, நாரதர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பபூன் தனக்குத் தெரிந்த எல்லா நகைச்சுவையையும் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்க்கிறார். காவியைக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஆர்மோனியக்காரரிடம் நானே போய், "மூணுல வைங்க" என்றேன். தர்க்கத்தில் வள்ளி என்னை இருபது நிமிஷத்தில் மடக்கிவிட்டார். இருபத்தைந்து வயசுப் பெண், எம்.ஏ. தமிழ். பதில் தெரியாமல் நான் "நாராயணா" என்று சொல்லிக்கொண்டே கிளம்பியதைக் கூட்டம் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

விடிந்து கவர்களைக் கொடுத்து முடித்தபோது பையில் ஒன்று மிச்சம், நாரதருடையது. ஆறு மணிக்கு அவரே தலையில் பெட்டியோடு வந்து நிற்கிறார். பார்த்திபனூர் தாண்டி பஸ் நின்றுவிட்டதாம், போனில் சார்ஜ் இல்லையாம், லாரி பிடித்து வந்திருக்கிறார். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றார். மேடையில் கால் வைத்தவருக்குத்தான் சம்பளம் என்பது என் சட்டம். பாதியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். மீதிப் பாதி எல்லாருடைய இட்லிக்கும் டீக்கும் சரியாக இருந்தது.